மந்தைகள் வந்து நின்ற ஊர்: சிகாகோவில் கௌபாய் உணவும் கொண்டாட்டமும் தேடுவோருக்கு

கௌபாய் என்றதும் டெக்சஸ் மாநிலத்தின் வெயிலும் புழுதியும்தான் பெரும்பாலோர் மனக்கண்ணில் வரும். ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும் சிகாகோவில் அந்த வாழ்க்கையின் சுவையைத் தேடுவது, கடற்கரையில் நின்றுகொண்டு மலைத்தேன் கேட்பதைப் போல அவர்களுக்குத் தோன்றலாம். உண்மை வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்த 1865ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில், சிகாகோவின் தென்பகுதியில் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்னும் மாபெரும் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1867இல், கான்சஸ் மாநிலத்தின் அபிலீன் என்ற சிற்றூரில் ரயில் பாதையை ஒட்டி மாட்டுப்பட்டிகள் எழும்பின. டெக்சஸிலிருந்து மாதக்கணக்கில் மந்தையை நடத்திவந்த கௌபாய்கள் அங்கே மாடுகளை ரயிலில் ஏற்றிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டார்கள். அந்த ரயில்களின் முக்கியமான போக்கிடம் சிகாகோ. மந்தை புறப்பட்டது தெற்கிலிருந்து என்றால், அதை வரவழைத்த சந்தை இங்கேதான் இருந்தது.

ஆகவே இந்த ஊரில் கௌபாய் வாசனை உண்டா என்று தயங்க வேண்டியதில்லை; எங்கே தேடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நகர மையத்தில், சுவரில் கொம்பும் கூரையில் வண்டிச் சக்கரமும் மாட்டிய மதுக்கூடங்களில் தொடங்கினால் பணம் செலவாகும், படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பது என் கருத்து. தீயில் வாட்டும் சமையலையும் ஃபிடில் இசையையும் குதிரையையும் இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் பிழைப்புத் தேடி வந்த மூன்று கூட்டத்தார்: மிசிசிப்பி முதலிய தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள், அப்பலாச்சிய மலைப்பகுதிகளிலிருந்து வந்த ஏழை வெள்ளையர்கள், மெக்சிகோவிலிருந்து வந்த உழைப்பாளிகள். அவர்கள் குடியேறிய பேட்டைகளின் வழியாகத் தேடுவதே நேர்வழி.

முதலில் பழைய சந்தையின் கல்வாயிலைப் பார்த்துவிடுங்கள்

ஸ்டாக் யார்ட்ஸ் 1971இல் மூடப்பட்டது. நிலத்தில் இப்போது கிடங்குகளும் சிறு தொழிற்சாலைகளும் இருக்கின்றன. எஞ்சியிருப்பது எக்ஸ்சேஞ்ச் அவென்யூவும் பியோரியா தெருவும் சேரும் இடத்தில் நிற்கும் சுண்ணாம்புக்கல் வாயில் மட்டுமே. 8ஆம் எண் ஹால்ஸ்டெட் பேருந்தில் ஏறி எக்ஸ்சேஞ்ச் அவென்யூவை ஒட்டி இறங்கினால் மேற்கே சில நிமிட நடை. நுழைவுக் கட்டணம் இல்லை, காவலரும் இல்லை. சுற்றிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

நடு வளைவுக்கு மேலே ஒரு காளையின் தலை கல்லில் செதுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அது ‘ஷெர்மன்’ என்ற பரிசுக் காளையின் உருவம் என்று சொல்வார்கள். சந்தையை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் ஷெர்மனின் பெயரைத்தான் அந்தக் காளைக்கு வைத்திருந்தார்கள். வாயிலை வடிவமைத்ததாகக் கருதப்படும் பர்ன்ஹாம்–ரூட் கட்டடக்கலை நிறுவனத்தின் டேனியல் பர்ன்ஹாம் அதே ஷெர்மனின் மகளை மணந்தவர் என்பது இடையில் ஒரு செய்தி. வாயிலுக்குப் பின்புறம் தீயணைப்பு வீரர்களின் நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. 1910 டிசம்பரில் இங்கே ஏற்பட்ட தீ விபத்தில் 21 வீரர்கள் உயிரிழந்தார்கள். கூடைப்பந்து ரசிகர்கள் யாராவது உடன் வந்தால், 1966இல் தொடங்கிய சிகாகோ புல்ஸ் அணிக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த மாட்டுச் சந்தையை மனத்தில் கொண்டுதான் என்பதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

உணவு: மூன்று அடுப்புகள்

மந்தையோடு நடந்த கௌபாய்கள் இறைச்சித் துண்டங்களாகத் தின்று தீர்த்தார்கள் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். மாடுகள் விற்பதற்கானவை, ஓட்டுபவர் தின்பதற்கானவை அல்ல. சார்ல்ஸ் குட்நைட் என்ற பண்ணையாளர் 1866இல் ஒரு பழைய ராணுவ வண்டியை மாற்றி அமைத்து உருவாக்கிய சமையல் வண்டியிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது அவரைவிதை, உப்பிட்ட பன்றிக்கறி, இரும்புச் சட்டியில் சுட்ட பிஸ்கட் ரொட்டி, கடுங்காப்பி ஆகியவைதான். இன்று நாம் ‘கௌபாய் உணவு’ என்று சொல்வது, மலிவான முரட்டுக் கறியை மணிக்கணக்கில் புகையில் பதமாக்கிய வேறு சமையற்காரர்களின் கொடை. சிகாகோவில் அந்தக் கொடை மூன்று அடுப்புகளில் எரிகிறது.

முதல் அடுப்பு டெக்சஸ் பாணி. இதில் அரசன் பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் முன்மார்புக் கறி. மாடு நாள் முழுவதும் உடல் எடையைத் தாங்கும் பகுதி என்பதால் அதில் இணைப்புத் திசு மிகுதி. அவசரமாகச் சுட்டால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். உப்பும் மிளகும் மட்டும் தடவி, ஏறத்தாழ 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஓக் விறகின் புகையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் அந்த இணைப்புத் திசு உருகிக் கூழாகி, கறி தானாகவே இளகிவிடும். கறியின் உள்வெப்பம் 70 டிகிரியை நெருங்கும்போது பல மணி நேரம் அசையாமல் நின்றுவிடுவது உண்டு. கறியிலிருந்து வெளியேறும் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதுதான் காரணம். அந்த நேரத்தில் பொறுமை இழந்து தீயைக் கூட்டும் கடைக்காரரின் கறியை முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இந்தப் பாணிக்கு எனக்குத் தெரிந்த நம்பகமான இடம், வடமேற்குப் பகுதியில் புலாஸ்கி சாலையில் 2006 முதல் நடக்கும் ‘ஸ்மோக்’. ப்ளூ லைன் ரயிலில் இர்விங் பார்க் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வெஸ்ட் லூப் பகுதியில் கிரீன் தெருச் சந்துக்குள் இருக்கும் ‘கிரீன் ஸ்ட்ரீட் ஸ்மோக்டு மீட்ஸ்’ இன்னொன்று. அங்கே நீண்ட பொது மேசைகள், கூட்டம், சத்தம், நண்பர்களோடு போகத் தோதான இடம். கறியை மட்டும் கவனித்து உண்ண விரும்பினால் முதலாவது, மாலைப்பொழுதைக் கழிக்க விரும்பினால் இரண்டாவது.

கறியை எடைக்குத்தான் கேட்க வேண்டும். ஆளுக்கு அரை பவுண்டு, அதாவது சுமார் 225 கிராம், போதுமானது. உடன் வேறு கறியும் வாங்கினால் கால் பவுண்டே அதிகம். பிரிஸ்கெட் ஒரு பவுண்டு 30 டாலரை ஒட்டி வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அதன்மேல் பத்து சதவீதத்துக்கும் கூடுதலான வரி. வெட்டுபவர் ‘லீன்’ வேண்டுமா, ‘மாய்ஸ்ட்’ வேண்டுமா என்று கேட்பார். லீன் என்பது கொழுப்புக் குறைந்த தட்டையான தசை. மாய்ஸ்ட் என்பது கொழுப்பு ஊடுருவிய மேல்தசை. முதல் முறை போகிறவர் இரண்டிலும் பாதிப்பாதி கேட்பதே நல்லது. துண்டு கைக்கு வந்ததும் ஒரு நிமிடம் உண்ணாமல் பாருங்கள். வெளிப்புறம் கன்னங்கரேலென்று மிளகுப் பொருக்குப் படிந்திருக்க வேண்டும். அதற்கு உட்புறமாக இளஞ்சிவப்பு வளையம் ஒன்று தெரியும்; வேகாத கறி என்று பயந்து திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், புகையிலுள்ள வாயுக்கள் தசையின் நிறமியோடு சேர்வதால் உண்டாகும் நிறம் அது. பிறகு துண்டை விரலின் மேல் மடித்துத் தொங்கவிடுங்கள். அறுந்து விழாமல் வளைந்து தொங்க வேண்டும். இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால் பிரிய வேண்டும். தொங்கவிட்டதுமே உதிர்ந்தால் மிதமிஞ்சி வெந்தது. ரப்பர் போல இழுபட்டால் வேகவில்லை. கூடத் தரும் வெள்ளை ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி, பச்சை வெங்காயம் ஆகியவற்றை அலங்காரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு வாய்க்கு ஒருமுறை அவற்றைக் கடித்தால்தான் கொழுப்பின் கனம் நாக்கைவிட்டு இறங்கும்.

நேரம் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தச் சமையலை நினைத்தபோது மீண்டும் அடுப்பேற்ற முடியாது. காலையில் வெந்த கறி தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். என் முதல் முயற்சியில் சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஒரு கடைக்குப் போனேன். பலகையில் பிரிஸ்கெட், விலா எலும்பு என எல்லாவற்றின் மீதும் கோடு போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த சோள ரொட்டியையும் முட்டைக்கோஸ் சாலடையும் தின்றுவிட்டு வீடு திரும்பினேன். வார நாளில் பகல் பதினொன்றரை மணி, வார இறுதி என்றால் கடை திறக்கும் நேரம்: இந்த இரண்டில் ஒன்றுக்குத் திட்டமிடுங்கள்.

இரண்டாவது அடுப்பு தென்சிகாகோவின் சொந்தக் கண்டுபிடிப்பு. கறுப்பினக் குடும்பங்கள் மிசிசிப்பியிலிருந்து கொண்டுவந்த புகைச் சமையல், இந்த ஊரின் குளிருக்கும் இடநெருக்கடிக்கும் ஏற்பக் கட்டடத்துக்குள் வந்து, நான்கு புறமும் கண்ணாடி வைத்த உயரமான புகைப்பெட்டியாக உருமாறியது. மீன் தொட்டியைப் போலத் தோன்றுவதால் அதை ‘அக்வேரியம் ஸ்மோக்கர்’ என்கிறார்கள். கீழே விறகு எரிவதும், மேலே சமையற்காரர் நீண்ட கவைக்கோலால் கறியைத் தீயின் வெக்கைக்கேற்ப இடம் மாற்றிக்கொண்டே இருப்பதும், அவ்வப்போது தண்ணீரைப் பீய்ச்சித் தழலை அடக்குவதும் கண்ணாடி வழியே தெரியும். இதில் வேகும் முக்கியமான பொருள் ‘ரிப் டிப்ஸ்’: பன்றியின் விலா வரிசையைச் சீராக வெட்டும்போது கழித்துவிடப்படும், குருத்தெலும்பு ஓடிய கீழ்ப்பகுதி. மற்ற ஊர்களில் கழிவாகப் போனதை இங்கே பெயர் சொல்லிக் கேட்கும் உணவாக்கிவிட்டார்கள். 75ஆவது தெருவில் உள்ள ‘லெம்ஸ்’ இந்த மரபின் மூத்த கடைகளுள் ஒன்று. மிசிசிப்பியிலிருந்து வந்த சகோதரர்கள் 1950களில் தொடங்கியது.

இத்தகைய கடைகளில் பெரும்பாலும் உட்கார்ந்து உண்ண இடம் இருக்காது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்பார்கள், பணம் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகர வேண்டும். டிப்ஸும், காரமான ‘ஹாட் லிங்க்’ தொத்திறைச்சியும் சேர்ந்த ‘காம்போ’வைக் கேளுங்கள். வறுத்த உருளைக்கிழங்கின் மேல் கறி, கறியின் மேல் சாஸ், எல்லாவற்றுக்கும் மேல் இரண்டு துண்டு ரொட்டி என்று அடுக்கித் தருவார்கள். சாஸைத் தனியாகக் கேட்டு வாங்குவதா, மேலே ஊற்றச் சொல்வதா என்பதில் இந்த ஊரில் கட்சிகளே உண்டு. வீட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் தனியாக வாங்குங்கள். இல்லையென்றால் உருளைக்கிழங்கு நனைந்து களியாகிவிடும். எலும்பைக் கவனமாகக் கடிக்க வேண்டும். டிப்ஸில் சிறு எலும்புத் துணுக்குகள் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது அடுப்பு மெக்சிகோவினுடையது. கௌபாயின் மூலமும் அதுதான். ஆங்கிலேயர் வழிவந்த குடியேறிகள் டெக்சஸில் காலடி வைக்கும் முன்பே அங்கே குதிரைமீதிருந்து மாடு மேய்த்தவர் பெயர் ‘வக்கேரோ’. லாஸோ (சுருக்குக் கயிறு), ரோடியோ (கௌபாய் வித்தைப் போட்டி), ராஞ்ச் (மாட்டுப் பண்ணை) என்று கௌபாய் மொழியில் புழங்கும் சொற்கள் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவையே. ஆகவே பில்ஸன் பகுதியின் 18ஆவது தெருவையும், லிட்டில் வில்லேஜ் பகுதியின் 26ஆவது தெருவையும் ஒதுக்கிவிட்டு இந்தத் தேடலை முடிக்க முடியாது. பில்ஸனில் பன்றிக்கறியை அதன் கொழுப்பிலேயே பெரிய செப்புக் கொப்பரையில் வேகவைக்கும் ‘கார்னிட்டாஸ்’ எடைக்குக் கிடைக்கும். ஞாயிறு காலையில் அந்தக் கடைகளில் நிற்கும் வரிசையே விளம்பரம்.

மாடும் பன்றியும் உண்ணாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஆரஞ்சு லைன் ரயிலின் புலாஸ்கி நிலையத்திலிருந்து சிறிது வடக்கே நடந்தால் ‘பிர்ரியேரியா சரகோசா’ என்ற சிறிய உணவகம் வரும். அங்கே முழுநேரத் தொழில் ஆட்டுக்கறி. வெள்ளாட்டுக் கறியை மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து, மிளகாய் விழுது பூசி மறுபடி அடுப்பில் வாட்டி, கொத்தி, தக்காளிச் சாற்றில் இட்டுத் தருகிறார்கள். எலும்போடு வேண்டுமா, எலும்பில்லாமலா என்று கேட்பார்கள். எலும்போடு வாங்கினால்தான் சாற்றின் மணம் முழுமையாக இருக்கும். சுடச்சுடத் தட்டிப் போடும் சோள டார்ட்டியா ரொட்டியில் கறியை வைத்து, எலுமிச்சையைப் பிழிந்து, பச்சை வெங்காயத்தைத் தூவி உண்ணும்போது, இந்தப் பட்டியலிலேயே சிறந்த உணவு இதுதான் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. முற்பகலில் போவது உத்தமம்.

முழுச் சைவர்களுக்கு இந்த உலகம் கொஞ்சம் கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. புகையில் கறி வாட்டும் பார்பிக்யூ கடைகளின் பீன்ஸில் கறித் துணுக்குகள் கலந்திருப்பது வழக்கம். கீரை வகைகளைப் பன்றி அல்லது வான்கோழி எலும்போடு வேகவைப்பார்கள். மாக்கரோனியும் சீஸும், சோள ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட் ஆகியவை பெரும்பாலும் பாதுகாப்பானவை. எதுவானாலும் ‘இதில் இறைச்சி உண்டா’ என்று மட்டும் கேட்காமல், ‘இறைச்சிச் சாறோ கொழுப்போ சேர்ந்திருக்கிறதா’ என்று கேளுங்கள். இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு பதில் வருவதைக் கண்டிருக்கிறேன்.

உடை: காலணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

தொப்பியும் சட்டையும் இல்லாமலே எல்லாக் கொண்டாட்டங்களுக்கும் போகலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு நல்ல பூட்ஸ் ஒரு கருவி. வெஸ்ட் டவுன் பகுதியில் சிகாகோ அவென்யூவில் உள்ள ‘அல்கலாஸ்’ 1972 முதல் இந்தப் பொருள்களையே விற்கிறது. வாசலில் நிற்கும் குதிரைச் சிலைதான் அடையாளம். 26ஆவது தெருவிலும் இத்தகைய கடைகள் பல உள்ளன. அங்கே சும்மா வேடிக்கை பார்த்தபடி நடப்பதே ஒரு பொழுதுபோக்கு.

பூட்ஸை மாலையில் போய் வாங்குங்கள். அப்போதுதான் கால் சற்று வீங்கித் தன் உண்மையான அளவில் இருக்கும். காலை உள்ளே நுழைக்கும்போது பாதத்தின் மேல்வளைவில் சற்று இறுக்கிப் பிறகு ‘பொத்’தென்று உட்கார வேண்டும். குதிகால் சிறிது ஏறி இறங்குவது புதிய பூட்ஸில் இயல்பு. நாளாக ஆக அடிப்பகுதி வளைந்து கொடுக்கும்போது அது குறைந்துவிடும். விரல்கள் நசுங்கினால் மட்டும் எந்தச் சமாதானத்துக்கும் இணங்காதீர்கள். குதி சரிவாகவும் உயரமாகவும் இருப்பது அழகுக்காக வந்ததன்று. சேணத்தின் அங்கவடியில் பாதம் முழுவதுமாக நழுவிப் போய்விடாமல் தடுப்பதற்காக வந்தது. ஆடப் போகிறவர்கள் தோல் அடிப்பகுதி கொண்டதையே கேட்டு வாங்க வேண்டும். ரப்பர் அடி தரையைப் பற்றிக்கொண்டு, திரும்பும்போது முழங்காலை முறுக்கிவிடும். நல்ல தோல் பூட்ஸ் சில நூறு டாலர் ஆகும். மலிவான செயற்கைத் தோலில் ஐம்பது டாலரை மிச்சப்படுத்துவது பிறகு கொப்புளமாகத் திரும்பி வரும்.

இசையும் ஆட்டமும்

அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசையின் தலைநகரம் நாஷ்வில் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்பே அந்த இசையைச் சனிக்கிழமை இரவுதோறும் நாடெங்கும் பரப்பியது சிகாகோ. சியர்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனம் நடத்திய டபிள்யூ.எல்.எஸ். வானொலியில் 1924 ஏப்ரல் 19 அன்று ‘நேஷனல் பார்ன் டான்ஸ்’ நிகழ்ச்சி தொடங்கியது. ‘உலகின் மிகப் பெரிய கடை’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே அந்த வானொலியின் பெயர். அங்கே அறிவிப்பாளராக இருந்த ஜார்ஜ் ஹே நாஷ்விலுக்குப் போய் 1925இல் தொடங்கிய நிகழ்ச்சிதான் பின்னர் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ எனப் புகழ்பெற்றது. பாடும் கௌபாயாகத் திரையில் புகழடைந்த ஜீன் ஆட்ரியும் ஹாலிவுட்டுக்குப் போகும் முன் இந்த வானொலியில் பாடியவர்தான்.

அந்த மரபின் உயிருள்ள துண்டு ஒன்றைக் காண வேண்டுமானால் அப்டவுன் பகுதிக்குப் போங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை இழந்த அப்பலாச்சியக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து தங்கிய பேட்டை அது. அவர்கள் கூடிய மதுக்கூடங்களில் ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் ஒலித்தன. கிளார்க் தெருவில் 1973இல் திறக்கப்பட்ட ‘கேரல்ஸ் பப்’ அவற்றுள் தப்பிப் பிழைத்தது. 2016இல் மூடப்பட்டு, 2018இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறந்திருக்கிறது. 22ஆம் எண் கிளார்க் பேருந்து வாசலருகே போகும்; ரெட் லைன் ரயிலில் வில்சன் நிலையத்தில் இறங்கியும் நடக்கலாம். நகர மையத்தில் ரிவர் நார்த் பகுதியில் உள்ள ‘பப் சிட்டி’யும் கன்ட்ரி இசைக்குப் பெயர்பெற்றதுதான், கூட்டமும் ஆரவாரமும் வேண்டுமென்றால் அங்கே போகலாம், இசையைக் கேட்க வேண்டுமென்றால் அப்டவுனுக்குப் போகலாம்.

மது அருந்தும் இடங்களில் 21 வயது நிறைந்ததற்கான சான்றைக் கேட்பார்கள். வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தைச் சில வாயிற்காவலர்கள் ஏற்பதில்லை. கடவுச்சீட்டை எடுத்துச் செல்லுங்கள்.

ஆட்டம் தெரியாது என்பது ஒரு தடையே அல்ல. பல இடங்களில் இசைக்குழு மேடையேறும் முன் ஒரு மணி நேரம் லைன் டான்ஸ் கற்றுத் தருகிறார்கள். அதற்குத் துணை தேவையில்லை. வரிசையாக நின்று, பெரும்பாலும் 32 எண்ணிக்கை கொண்ட அடவுகளைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு சுவரைப் பார்த்து ஆட வேண்டும். முதல் முறை வரிசையின் ஓரத்தில் நிற்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பியதும் ஓரத்தில் நிற்பவர்தான் முன்வரிசை ஆகிவிடுவார். பார்த்துப் பின்பற்ற முன்னால் ஆளே இருக்காது. நான்கு புறமும் தெரிந்தவர்கள் சூழ்ந்திருக்கும் நடுப்பகுதியே புதியவருக்கு உரிய இடம். துணையோடு ஆடும் டூ–ஸ்டெப் என்பது ‘வேகம், வேகம், மெது, மெது’ என்ற நடை. தளம் முழுவதும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல வேண்டும். வேகமாகப் போகிறவர்கள் வெளிவட்டம், மெதுவாகப் போகிறவர்கள் உள்வட்டம், லைன் டான்ஸ் ஆடுவோர் நடுவில். நான் ஒருமுறை உற்சாக மிகுதியில் எதிர்த்திசையில் கிளம்பி, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதியின் மீது மோதிவிட்டேன். அந்த அம்மையார் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, அடி தவறாமல் போய்க்கொண்டே இருந்தார். கையில் மதுக்கோப்பையுடன் தளத்தில் கால் வைக்கக் கூடாது என்பதும் எழுதாத சட்டம்.

கேட்பதோடு நில்லாமல் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு லிங்கன் சதுக்கத்தில் உள்ள ‘ஓல்ட் டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக்’ இருக்கிறது. 1957இல் தொடங்கிய இந்தப் பள்ளியில் கிட்டார், பான்ஜோ, ஃபிடில் ஆகியவற்றைக் குழுவாகக் கற்கலாம். கோடையில் வந்தால் ஜூலை மாதத்து ‘விண்டி சிட்டி ஸ்மோக்அவுட்’ விழாவைப் பாருங்கள். 2013இல் தொடங்கிய அந்த விழாவில் பல மாநிலங்களின் பார்பிக்யூ வல்லுநர்களும் கன்ட்ரிப் பாடகர்களும் யுனைடெட் சென்டர் அரங்கின் வாகன நிறுத்துமிடத்தில் கூடுவார்கள். தார்த்தளம், நிழல் குறைவு. தொப்பி அன்றைக்கு அலங்காரமாக இராது.

குதிரையும் காளையும்

சிகாகோ நகரத் தெருக்களில் வாடகைக் குதிரை வண்டிகள் 2021 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டன. பழைய பயணக் குறிப்புகளை நம்பி மிச்சிகன் அவென்யூவில் வண்டி தேடி அலைய வேண்டாம். சவாரி செய்ய விரும்புவோர் தென்மேற்குப் புறநகரின் பேலோஸ் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே குக் கவுண்டியின் காப்புக்காடுகளில் குதிரைகளுக்கென்றே தடங்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள தனியார் லாயங்கள் வழிகாட்டியோடு சவாரிக்கு அழைத்துச் செல்கின்றன. முன்பதிவு செய்யும்போதே எடை வரம்பையும் குழந்தைகளுக்கான வயது வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீளக் காற்சட்டையும் குதியுள்ள காலணியும் கட்டாயம்.

பழைய மேற்கின் கௌபாய்களில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்களின் பரவலான மதிப்பீடு. அந்த மரபைத் தொடரும் குதிரைக் குழுக்கள் தென்சிகாகோவில் இன்றும் உண்டு. ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, 1929 முதல் நடந்துவரும் பட் பில்லிகன் ஊர்வலத்துக்குக் கிங் டிரைவ் சாலையோரம் காலையிலேயே போய் இடம் பிடித்தால், இசைக்குழுக்களுக்கு இடையே குதிரை வீரர்களையும் காணும் வாய்ப்பு உண்டு.

காளைச் சவாரி பார்க்க விரும்புகிறவர்கள் குளிர்காலத்தில் ரோஸ்மாண்ட் புறநகரின் ஆல்ஸ்டேட் அரங்க நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். தொழில்முறைக் காளைச் சவாரி அமைப்பான பி.பி.ஆர். பெரும்பாலும் ஜனவரியில் அங்கே வருகிறது. விதி எளிது. ஒரே கையால் கயிற்றைப் பிடித்து எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மற்றொரு கை காளையையோ தன் உடலையோ தொட்டால் மதிப்பெண் கிடையாது. நூறு மதிப்பெண்ணில் பாதி வீரனுக்கு, பாதி காளைக்கு. சாதுவான காளை கிடைத்தால் வீரனுக்கு நட்டம் என்பதால், நல்ல முரட்டுக் காளைக்காக அவர்கள் வேண்டிக்கொள்வதைப் புரிந்துகொண்டால் ஆட்டத்தின் சுவையே மாறிவிடும்.

மெக்சிகோவின் குதிரை வித்தைப் போட்டியான ‘சர்ரேயாதா’ இதைவிட அழகானது என்பேன். சாவித்துளை வடிவத்தில் அமைந்த களம், சுருக்குக் கயிற்று வித்தைகள், ஒருபக்கமாகக் கால்களை வைத்து அமர்ந்தபடி எட்டுப் பெண்கள் பாய்ச்சலில் ஒருவரையொருவர் ஊடறுத்துச் செல்லும் ‘எஸ்கராமுஸா’ என எல்லாமே நுட்பம் சார்ந்தவை. யுனெஸ்கோ 2016இல் இந்த மரபைப் பண்பாட்டுச் செல்வமாக அங்கீகரித்தது. கோடைக்கால ஞாயிறுகளில் புறநகர்க் களங்களில் நடக்கும் இந்நிகழ்ச்சிகளுக்கு ஆங்கில விளம்பரம் அரிது. 26ஆவது தெரு பூட்ஸ் கடைகளின் கண்ணாடியிலும் டாக்கோ கடைகளின் கதவிலும் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளே வழி. சுவரொட்டியைப் படம் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கடைக்காரரிடம் கேளுங்கள். நுழைவுச்சீட்டு பல நேரங்களில் அங்கேயே கிடைக்கும்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், காலையில் ஆட்டுக்கறி, அங்கிருந்து கல்வாயில், பிற்பகலில் சிகாகோ அவென்யூவில் பூட்ஸ், இரவு அப்டவுன் என்று வடக்கு நோக்கி நகருங்கள். ரெட் லைனும் ப்ளூ லைனும் இரவு முழுவதும் ஓடுவதால் ஆடி முடித்து வீடு திரும்பக் கவலையில்லை.

குளிர்காலத்தில் மட்டும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பாதீர்கள். ஆட்டத் தளத்தில் வழுக்கிச் செல்ல உதவும் அதே தோல் அடி, பனி உறைந்த நடைபாதையில் ஆளைக் கவிழ்த்துவிடும். போதாக்குறைக்குப் பனி உருகத் தூவும் உப்பு தோலில் வெள்ளைக் கோடுகளாகப் படிந்து அதை வெடிக்கச் செய்யும். பையில் எடுத்துப்போய் உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள். தப்பித் தவறி உப்புப் பட்டுவிட்டால், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து மென்துணியால் அன்றிரவே துடைத்து, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோகாமல், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலரவிடுங்கள்.